அறிவிக்கைக்கு முன்னால்: தமிழ்நாட்டில் பல்கலைக்கழக வேலை தேடுதல்

வாய்மொழித் தேர்வு முடிந்து, நெறியாளருக்குச் சால்வை போர்த்தி, துறை வாசலில் படம் எடுத்துக்கொண்ட சில நாட்களிலேயே புதிய முனைவர்களிடையே ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடும்: “எங்கயாவது கால்ஃபர் பண்ணியிருக்காங்களா?” தமிழ்நாட்டில் பல்கலைக்கழக ஆசிரியர் வேலையோ ஆய்வு வேலையோ தேடுகிற எவருடைய பேச்சிலும், விண்ணப்பம் கோரும் அறிவிக்கையைக் குறிக்கும் இந்தச் சொல் அடிபடும். அறிவிக்கை வந்தால் விண்ணப்பிக்கலாம், தகுதி இருந்தால் கிடைக்கும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அறிவிக்கை வெளியாவதற்குள் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. எந்த இடம் எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டில், எந்த விதியின் கீழ் வரும் என்பதை விண்ணப்பதாரர் தீர்மானிப்பதில்லை. அது என்றைக்கு வரும் என்று தெரிந்துகொள்ளக்கூட அவருக்கு வழியில்லை. தமிழ்நாட்டு முனைவர்களின் முதன்மையான சிக்கல் தகுதிக் குறைவு இல்லை, நியமனங்களில் ஒழுங்கு இல்லாமைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு பல்கலைக்கழக அறிவிக்கையை எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் ஒரு வரி இருக்கும்: இயற்பியல், உதவிப் பேராசிரியர், 1 இடம், எம்பிசி/டிஎன்சி, பெண். அடுத்த கட்டத்தில் சிறப்புப் பாடம்: பொருளறிவியல். இந்த ஒரு வரியே அந்த ஆண்டு இயற்பியல் முனைவர்களில் பெரும்பாலானவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. அணுக்கரு இயற்பியலில் சிறந்த ஆய்வேடு எழுதியவருக்கும், பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஆணுக்கும், பட்டியல் வகுப்புப் பெண்ணுக்கும் இந்த வரியில் இடமில்லை. அவர்கள் தம் முறை வரும் அடுத்த அறிவிக்கைக்குக் காத்திருக்க வேண்டும்.

அந்த வரியை உருவாக்குவது இனச்சுழற்சி. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு 200 புள்ளிச் சுழற்சிப் பட்டியலாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் வகுப்பினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொதுச்சுற்று. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெண்களுக்கு 30 விழுக்காடு உண்டு. சமூக நீதியின் அடித்தளமான இந்த ஏற்பாட்டை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். என் குறை, எந்தத் துறையில் சுழற்சி எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பதைப் பல்கலைக்கழகங்கள் வெளியில் சொல்வதில்லை என்பதுதான். அது தெரிந்தால், தன் பிரிவுக்கான முறை நெருங்குகிறதா, பல ஆண்டு தள்ளியிருக்கிறதா என்று ஒரு முனைவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சுழற்சியை எந்த அலகில் எண்ணுவது என்பதிலும் வேலைகள் தோன்றவும் மறையவும் செய்கின்றன. 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகத்தை முழுமையாக ஓர் அலகாகக் கொள்ளக்கூடாது, ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. விளைவு என்ன? சிறிய துறைகளுக்கான 13 புள்ளிச் சுழற்சியில் 4-ஆவது இடம் பிற பிற்படுத்தப்பட்டோருக்கு, 7-ஆவது பட்டியல் வகுப்பினருக்கு, பழங்குடியினருக்கோ அந்தப் பதின்மூன்றையும் தாண்டி 14-ஆவது. ஆறு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள துறையில் பட்டியல் வகுப்பினருக்கு ஒரு இடமும் வராது. பழங்குடியினருக்கு அத்தகைய துறைகளில் நுழைவே இல்லை. நாடெங்கும் ஆசிரியர்கள் தெருவில் இறங்கிய பிறகு, 2019-இல் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கென நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, நிறுவனத்தையே அலகாக்கியது. இடைப்பட்ட காலத்தில் பல மத்தியப் பல்கலைக்கழகங்களில் நியமனங்கள் நின்றுபோயின. ஒரு கணக்கு முறையை மாற்றியதில் அத்தனை பேருடைய வாழ்க்கையிலும் ஓராண்டுக்கு மேல் போயிற்று.

அடுத்தது மதிப்பெண். யுஜிசியின் 2018 நெறிமுறைகளில் உதவிப் பேராசிரியர் விண்ணப்பங்களை வடிகட்ட இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, மற்றது கல்லூரிக்கு. பல்கலைக்கழக அட்டவணையில் முனைவர் பட்டத்துக்கு 30, முதுகலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் என்றால் 25, இளங்கலையில் அதே அளவுக்கு 15. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வோடு ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இருந்தால் 7, நெட் மட்டும் என்றால் 5, மாநிலச் செட் என்றால் 3. ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. கற்பித்தல் அல்லது முனைவர் பட்ட மேலாய்வு அனுபவம் ஆண்டுக்கு 2 வீதம் அதுவும் 10. விருதுகளுக்கு 3.

இளங்கலையில் 62, முதுகலையில் 68 விழுக்காடு எடுத்து, முனைவர் பட்டம், நெட், ஐந்து கட்டுரைகள், மூன்று ஆண்டு கற்பித்தல் அனுபவம் கொண்ட ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருக்கு 13, 23, 30, 5, 10, 6 எனக் கூட்டினால் 87 வரும். இதே ஆள் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் கணக்கு மாறும்: இளங்கலைக்கு 19, முதுகலைக்கு 23, முனைவர் பட்டத்துக்கு 25, நெட்டுக்கு 8, கட்டுரைகளுக்கு அதிகபட்சமான 6, அனுபவத்துக்கு 6. மொத்தம் அதே 87-தான், ஆனால் பங்கீடு வேறு. கல்லூரி பழைய மதிப்பெண்ணைப் பார்க்கிறது, பல்கலைக்கழகம் ஆய்வைச் சற்றுக் கூடுதலாகப் பார்க்கிறது. இரண்டு அட்டவணைகளிலும் ஒன்று தெளிவு. பதினெட்டு வயதில் சேர்ந்த இளங்கலையில் 60 விழுக்காட்டைத் தொடாமல் 59-இல் நின்றவர் பல்கலைக்கழக அட்டவணையில் மூன்று புள்ளிகளை வாழ்நாள் முழுவதும் இழக்கிறார். அதை ஈடுகட்ட ஒன்றரைக் கட்டுரை எழுத வேண்டும், ஐந்துக்கு மேல் எழுதியிருந்தால் அதுவும் உதவாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டி, மெல்ல மேலெழுந்த மாணவர்களுக்கு இது பெரிய அநீதி.

ஐந்து கட்டுரைகளோடு புள்ளி நின்றுவிடுகிறது என்ற விதியை இளைய ஆய்வாளர்கள் இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சேற்றும் இதழ்களில் பதினைந்து கட்டுரைகளைக் குவித்து வைப்பதால் பயன் ஏதுமில்லை. அத்தகைய இதழ்களை விலக்க யுஜிசி உருவாக்கிய கேர் பட்டியலும் இப்போது இல்லை. அதைக் கைவிடும் முடிவு 2024 அக்டோபரில் எடுக்கப்பட்டது. இதழின் தரத்தை இனி அந்தந்த நிறுவனமே முடிவு செய்யும். ஆகவே துறையில் எல்லோரும் மதிக்கும் இதழில் வந்த இரண்டு நல்ல கட்டுரைகளே எந்தத் தேர்வுக் குழுவின் முன்னும் தாங்கி நிற்கும்.

இந்தப் புள்ளிகளுக்கு உள்ள அதிகாரம் வாசலோடு முடிகிறது. நேர்முகத்துக்கு அழைக்க மட்டுமே இவை பயன்படும், தேர்வு நேர்முகத்தின் அடிப்படையில் மட்டுமே நடக்கும் என்று அதே நெறிமுறை சொல்கிறது. 87 புள்ளியோடு உள்ளே போனவரும் 78 புள்ளியோடு போனவரும் அந்த அறைக்குள் சமம். உள்ளே துணைவேந்தர், வேந்தரின் நியமன உறுப்பினர், வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்கள் மூவர், புல முதன்மையர், துறைத்தலைவர் ஆகியோர் அமர்ந்திருப்பார்கள். வெளி வல்லுநர் இருவர் உட்பட நான்கு பேர் இருந்தால் குழு கூடலாம். ஏழெட்டு ஆண்டு ஆய்வை அங்கே சில நிமிடங்களில் சொல்லியாக வேண்டும். நேர்மையான குழுவுக்கு இந்த ஏற்பாடு நல்ல சுதந்திரத்தைத் தருகிறது. நேர்மையற்ற கைகளில் அதே சுதந்திரம் விலைப்பொருளாகிறது. 2018 பிப்ரவரியில் உதவிப் பேராசிரியர் பணி தொடர்பாக லட்சக்கணக்கில் லஞ்சம் வாங்கியதாகக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தபோது, கல்வித் துறையில் இருந்தவர்களில் பலர் அதிர்ச்சி அடையவில்லை. அதிர்ச்சி அடையாத அந்த மனநிலைதான் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

விதிகளே நிலையாக இல்லை என்பது இன்னொரு துன்பம். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018-இல் சொன்னார்கள். 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வரவேண்டியது 2023 ஜூலைக்குத் தள்ளிப்போனது. அந்த நாள் வந்ததும், நெட் அல்லது செட் போதும், முனைவர் பட்டம் விருப்பத்துக்குரியது என்று திருத்தினார்கள். 2025 ஜனவரியில் புதிய வரைவு நெறிமுறைகள் வந்தன. துணைவேந்தர் நியமனத்தில் மாநில உரிமையைப் பறிக்கின்றன என்று தமிழ்நாடு சட்டமன்றம் அதே மாதம் அவற்றுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. தேர்வுகளும் விதிவிலக்கில்லை. 2024 ஜூன் 18-இல் நடந்த நெட் தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். மாநிலச் செட் தேர்வு 2024 ஜூனில் நடக்கவேண்டியது, தள்ளிப்போய் 2025 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாக நடந்தது.

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டு முனைவர்களுக்கு மிக அதிக இடங்கள் உள்ள வாசல் அதுதான். ஆசிரியர் தேர்வு வாரியம் 2013-இல் 1,093 உதவிப் பேராசிரியர் இடங்களை அறிவித்தது. அடுத்த பெரிய அறிவிக்கை 2019-இல், 2,300-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு. அது நியமனத்தில் முடியவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்று மீண்டும் அறிவிக்கை வந்தது. ஆகஸ்டு 4-இல் தேர்வு என்றார்கள், தேர்வும் தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புதிய அறிவிக்கை வந்தது. முன்பு அனுபவமும் நேர்முகமும் முதன்மையாக இருந்த தேர்வு முறை, இப்போது எழுத்துத் தேர்வை மையமாகக் கொண்டதாக மாறிவிட்டது.

இந்த ஆண்டுகளை ஒரு மனிதரின் வயதோடு சேர்த்துப் படித்தால்தான் அவற்றின் கனம் புரியும். 2014-இல் முப்பது வயதில் முனைவர் பட்டம் பெற்றவருக்கு 2025 அறிவிக்கை வரும்போது நாற்பத்தொன்று. இடையில் அவர் கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்திருப்பார். அரசுக் கல்லூரிகளில் இப்படிப்பட்டவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். மாத ஊதியம் 20,000 ரூபாயாக இருந்து பிறகு 25,000 ஆனது, அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதங்களுக்குத்தான். அதாவது ஆண்டுக்கு 2,75,000 ரூபாய். அடுத்த அறையில் அதே பாடத்தை நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டும் மாதம் 57,700, ஆண்டுக்கு 6,92,400. படிகள் தனி. கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 வீதம் மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019 ஜனவரியிலேயே யுஜிசி சொல்லிவிட்டது. பணத்தைவிடக் கொடியது இன்னொன்று. தற்காலிகப் பணிக்காலத்தைப் பின்னாளில் பணி அனுபவமாகக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால், அக்காலத்தில் நிரந்தர ஆசிரியரின் மொத்த ஊதியத்துக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும் என்கிறது 2018 நெறிமுறை. குறைந்த சம்பளத்தில் பத்தாண்டு உழைத்தவருக்கு, குறைந்த சம்பளம் வாங்கினார் என்பதற்காகவே அந்தப் பத்தாண்டு பதவி உயர்வில் எண்ணப்படுவதில்லை. இது திருத்தப்பட வேண்டிய விதி.

எழுத்துத் தேர்வு வந்ததை வரவேற்பவர்கள் உண்டு. சிபாரிசுக்கு இடம் குறையும் என்ற அவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. அதே நேரத்தில், ஆய்வில் மூழ்கியிருக்கும் ஒருவர் பாடத்திட்டம் முழுவதையும் திரும்பப் படித்துத் தேர்வெழுத ஓராண்டு ஒதுக்க வேண்டியிருக்கிறது. தேர்வு நாளாவது உறுதியாகத் தெரிந்தால் அந்த ஓராண்டைத் திட்டமிடலாம்.

மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆசிரியர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றன. அங்கே இப்போதைய முடக்கத்துக்குக் காரணங்கள் வேறு. துணைவேந்தர் இல்லாமல் தேர்வுக் குழு கூட முடியாது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் பல பல்கலைக்கழகங்கள் ஒருங்கிணைப்புக் குழுவின் கையில் ஆண்டுக்கணக்கில் இருந்தன. 2025 ஏப்ரல் 8-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால், ஆளுநரிடம் நிலுவையில் இருந்த மசோதாக்கள் சட்டமாயின. அவற்றில், துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை அரசுக்கு மாற்றிய சட்டத் திருத்தங்களுக்கு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இன்னொரு பக்கம் பண நெருக்கடி. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024-இல் வருமான வரித் துறை முடக்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கே சம்பளம் தாமதமானது. இந்த நிலையில் புதிய ஆளை எடுப்பதைப் பற்றி யார் பேசுவார்கள்?

தனியார் கல்லூரிகளில் இடம் இல்லையா என்று கேட்கலாம். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு முறைகேட்டை வெளிக்கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்ற இருநூற்றுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளின் ஆவணங்களில், 350-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம் பணிபுரிவதாகக் காட்டப்பட்டிருந்தார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. காகிதத்தில் நிரப்பப்பட்ட ஒவ்வொரு நாற்காலியும் தகுதியுள்ள ஒரு முனைவர் உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலி.

ஆகவே, ஆய்வைத் தொடர விரும்பும் இளைஞர்கள் ஆசிரியர் பணி அறிவிக்கையை மட்டும் பார்த்து உட்கார்ந்திருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆய்வு உதவித்தொகைகளின் வாசல் வேறு, அதன் காலக்கணக்கும் வேறு. 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் 42,000. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு உதவியாளருக்கு 58,000 முதல் 67,000 வரை, வீட்டு வாடகைப்படி தனி. இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டத்தில் மாதம் 1,25,000, ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு நிதி, ஐந்து ஆண்டுகள். ஆனால் பொதுப் பிரிவினருக்கு வயது 32-ஐத் தாண்டக்கூடாது. ஆய்வுத் துறையில் வயது வரம்புகள் இரக்கமற்றவை. ஐந்து ஆண்டு கல்லூரி வேலைக்காகக் காத்திருந்துவிட்டு இங்கே வந்தால் கதவு சாத்தியிருக்கும். முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டிலேயே இதற்கான திட்ட வரைவை எழுதத் தொடங்கிவிட வேண்டும். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சமூக அறிவியலுக்கான எம்ஐடிஎஸ்ஸும், காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம், தமிழாய்வுக்குச் செம்மொழி நிறுவனம் என நம்மைச் சுற்றியே பல வாசல்கள் இருக்கின்றன. வெளிநாடு என்றால் நாள் இன்னும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகைக்கு முனைவர் பட்டம் பெற்று எட்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கெல்லாம் அறிவிக்கைக்குக் காத்திருக்காமல், பேராசிரியரின் கட்டுரைகளைப் படித்து, அவருடைய கேள்விக்கு நம் ஆய்வு எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு பக்கத்தில் நேரடியாக எழுதுவதே வழக்கம்.

ஆசிரியர் பணியையே விரும்புபவர்கள் அறிவிக்கை வருவதற்கு முன் தங்கள் காகிதங்களைச் சரிசெய்து வைத்திருக்க வேண்டும். நல்ல விண்ணப்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன. எம்.எஸ்சி. பயன்முறை இயற்பியல் படித்தவர் இயற்பியல் இடத்துக்கு விண்ணப்பிக்க இணைத்தகுதி அரசாணை வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று அதைத் தேடினால் கிடைக்காது. தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமையைக் கோர, பள்ளி முதல் ஒவ்வொரு நிறுவனத்திலும் சான்று வாங்க வேண்டும். 2009 ஜூலை 11-க்கு முன் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் நெட் இல்லாமல் விண்ணப்பிக்க, முழுநேர முறை, வெளித் தேர்வாளர்கள், பொது வாய்மொழித் தேர்வு முதலான ஐந்து நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கான சான்றைப் பல்கலைக்கழகத்திலிருந்து பெற்றிருக்க வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ புதுச்சேரிக்கோ விண்ணப்பிக்கும் பிற்படுத்தப்பட்டோர், தமிழ்நாட்டு நிரந்தரச் சாதிச் சான்றை வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு இருந்துவிடக்கூடாது. அங்கே மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் வராதவர் என்று வட்டாட்சியரிடம் வாங்கிய சான்று வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் தனிமனிதர் செய்துகொள்ளலாம், நாட்காட்டியை மட்டும் அரசுதான் தர முடியும். டிஎன்பிஎஸ்சி ஆண்டுதோறும் தேர்வு அட்டவணை வெளியிடுகிறது, அதை நம்பி இளைஞர்கள் படிக்கிறார்கள். அதே போல ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு ஒருமுறை துறைவாரியாகக் காலியிடங்களையும், சுழற்சி நிற்கும் புள்ளியையும், அந்த ஆண்டு ஓய்வு பெறுவோர் எண்ணிக்கையையும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம் விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

அதுவரை நாமே கேட்க வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் பாடத்தில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, அடுத்த முறை எந்தப் பிரிவுக்கு என்று பதிவாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்த பதிலை உங்களோடு வைத்துக்கொள்ளாமல், அதே பாடத்தில் காத்திருக்கும் மற்ற முனைவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.